பெட்டியின் மேல் என்ன எழுதப் போகிறீர்கள்?

வாசகர் கேள்வி: நாங்கள் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம். வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் ஹியூமிடிஃபையர் (காற்றை ஈரமாக்கும் கருவி) ஒன்றைச் செய்திருக்கிறோம். சின்னத் தண்ணீர்த் தொட்டி, அடியில் ஹீட்டர் தட்டு, ஒரு விசிறி, வளையும் குழாய், குழாய் முனையில் மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க். அமெரிக்காவில் ஆன்லைனில் விற்க ஆசை. ஒரு ஆலோசகர், வீட்டு ஹியூமிடிஃபையருக்கு விலக்கு உண்டு, எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) க்ளியரன்ஸே, அதாவது விற்பதற்கு முன் வாங்கும் அனுமதியே, தேவையில்லை என்கிறார். இன்னொருவர் அந்த அனுமதிக்கான 510(கே) விண்ணப்பம் கட்டாயம் என்கிறார். மூன்றாமவர், மருத்துவ வார்த்தைகளை எடுத்துவிட்டு வெல்னஸ் பொருளாக விற்கச் சொல்கிறார். வேறொரு நிறுவனம் குறைந்த செலவில் எஃப்.டி.ஏ. சான்றிதழே வாங்கித் தருவதாகச் சொல்கிறது. வீட்டு ஹியூமிடிஃபையர்களுக்கான யு.எல். 998 சோதனையை முடித்துவிட்டோம், அது போதாதா? தொட்டியில் ஊற்ற ஒரு கிருமிநாசினித் திரவமும் கூடவே விற்கலாம் என்று எண்ணம். பெட்டியின் வடிவமைப்பையும் கருவியின் படங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

முதல் மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு கருவிகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், உங்கள் கருவியைச் சரியாகப் பார்த்தவர் இரண்டாமவர்தான். உங்களுக்கு 510(கே) வேண்டும். சான்றிதழ்க்காரர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பெட்டிக்கு வருவோம், ஏனென்றால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்பக்கம் 'சுகமான சுவாசம்' என்று போட்டிருக்கிறீர்கள், அதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. பின்பக்கம் திருப்பினால் 'மூக்கடைப்பு, சைனஸ், ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு நிவாரணம்' என்று இருக்கிறது (சி.ஓ.பி.டி. என்பது மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய்). இந்த ஒரு வரி போதும், உங்கள் பொருள் அமெரிக்கச் சட்டப்படி மருத்துவக் கருவி ஆகிவிட்டது. உள்ளே இருப்பது சாதாரண ஹீட்டரும் விசிறியும்தானே என்று வாதாடிப் பயனில்லை. நோயைக் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தணிக்கவோ, தடுக்கவோ என்று சொல்லி விற்கும் எந்தக் கருவியும் அந்த வரையறைக்குள் வரும், அதைத் தீர்மானிப்பது விற்பவரின் நோக்கம். அந்த நோக்கத்தை எஃப்.டி.ஏ. பெட்டியில் மட்டும் தேடாது. உங்கள் இணையப் பக்கம், விளம்பர வீடியோ, விற்பனைப் பிரதிநிதி சொல்லும் வாசகம், 'என் அப்பாவின் ஆஸ்துமா குறைந்துவிட்டது' என்று யாரோ எழுதியதை நீங்களே எடுத்து மறுபடி பதிவிட்டது, எல்லாவற்றையும் பார்க்கும்.

சரி, மருத்துவக் கருவி என்றாகிவிட்டது. எந்த வகை? இங்கேதான் முதல் ஆலோசகர் ஒரு வார்த்தையைப் படித்து அடுத்த வாக்கியத்தைத் தாண்டிவிட்டார். அமெரிக்க விதித் தொகுப்பில் 21 சி.எஃப்.ஆர். 868.5460 என்று ஒரு பிரிவு இருக்கிறது: வீட்டு உபயோகத்துக்கான சிகிச்சை ஹியூமிடிஃபையர். முதல் வகுப்பு (ஆபத்து மிகக் குறைந்தது), சில வரம்புகளுக்கு உட்பட்டு 510(கே) விலக்கு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அதே பிரிவு, கருவியிலிருந்து வரும் ஆவி நோயாளியைச் சுற்றியுள்ள இடத்தில் பரவ வேண்டும், அவர் வழக்கம்போல் மூச்சு விடும்போது அது உள்ளே போக வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது கட்டிலருகே வைக்கும், அறையை ஈரமாக்கும் பெட்டி. உங்கள் கருவி அறையை ஈரமாக்கவில்லை. விசிறி வைத்துத் தள்ளி, குழாய் வழியாக, மாஸ்க்குக்குள் ஒரு மனிதரின் மூக்குக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதற்குப் பக்கத்துப் பிரிவு, 868.5450: நோயாளிக்குக் கொடுக்கும் சுவாச வாயுவில் ஈரப்பதம் சேர்க்கிற, சிலசமயம் சூடும் ஏற்றுகிற கருவி. இது இரண்டாம் வகுப்பு (நடுத்தர ஆபத்து), விற்பனைக்கு முன்பே 510(கே) தேவை. இரண்டு பிரிவுகளும் அடுத்தடுத்த எண்ணில் இருக்கின்றன, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

இதைக் கேட்டதும் மாஸ்க்கை எடுத்துவிட்டுக் குழாயைத் திறந்த முனையாக விட்டுவிடலாமா என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான், ஆனால் அது வேறு கருவி, உங்கள் கருவியின் மொத்தப் பயனும் மாஸ்க்கில்தான் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, 510(கே) விலக்கு என்பது எல்லாவற்றிலிருந்தும் விலக்கு இல்லை. விலக்குள்ள கருவிக்கும் நிறுவனப் பதிவு, கருவியை எஃப்.டி.ஏ. பட்டியலில் சேர்ப்பது, லேபிள் விதிகள், கருவியால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் அறிக்கை, எல்லாம் உண்டு.

வெல்னஸ் யோசனைக்கு வருகிறேன். எஃப்.டி.ஏ. 2016இல் வெல்னஸ், அதாவது பொதுவான உடல்நலப் பொருட்களுக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது, 2019இல் அதைத் திருத்தியது. நோயைக் குறிப்பிடாத பொதுவான நலப் பேச்சு மட்டும் இருக்க வேண்டும், பொருள் ஆபத்துக் குறைவானதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விதிகளைக் கட்டாயப்படுத்தாமல் விடுவோம் என்கிறது. முதல் நிபந்தனையை ஒரு ரப்பர் வைத்து அழித்தே நிறைவேற்றிவிடலாம், இரண்டாவதை அழிக்க முடியாது. சூடான ஈரக் காற்றை மூடிய மாஸ்க்குக்குள் தள்ளும் ஒரு பொருளை, அதுவும் தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று உங்கள் கையேட்டில் எழுதியிருக்கிற நிலையில், ஆபத்துக் குறைவு என்று வாதிட எனக்குத் துணிவில்லை. வியாபாரக் கணக்காகப் பார்த்தாலும் உதவாது: உங்களிடம் வாங்கப் போகிறவர்கள் மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள், அந்தப் பேச்சை எடுக்காமல் அவர்களுக்கு எப்படி விற்பீர்கள்? பெட்டியில் அழித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வீடியோவில் சொல்லத் தொடங்குவீர்கள், எல்லோரும் அப்படித்தான் மாட்டுகிறார்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். கருவியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மாஸ்க்கில் ஒரு துளைகூட இல்லை. விசிறி ஓடும்வரை சரி, புதுக் காற்று வந்துகொண்டே இருக்கும். நள்ளிரவில் மின்சாரம் போனால்? தூங்குபவர் தான் விட்ட மூச்சையே குழாயிலிருந்தும் மாஸ்க்கிலிருந்தும் மறுபடி இழுப்பார், கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். ஆரோக்கியமானவர் விழித்து மாஸ்க்கைப் பிடுங்கிவிடுவார். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளி, அதிலும் தூக்க மருந்து சாப்பிட்டவர், விழிப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வெளியேறும் காற்றுக்கு வழியும், விசிறி நின்றால் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வும் வைத்து வடிவமைப்பை மாற்றுங்கள். ஒரு பாகம் பழுதானாலும் ஆபத்து வரக் கூடாது என்பதுதான் மருத்துவ மின்கருவிகளுக்கான அடிப்படைத் தரநிலையான ஐ.இ.சி. 60601-1இன் உயிர்நாடி, எஃப்.டி.ஏ. மதிப்பாய்வாளர் முதலில் கேட்கப் போகிற கேள்வியும் இதுதான். அதே கேள்வியை ஹீட்டருக்கும் கேட்பார். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சென்சார் பழுதானால் தட்டு சூடேறிக்கொண்டே போகுமா, அல்லது அந்தச் சென்சாரை நம்பாமல் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் தனிப் பாகம் ஒன்று இருக்கிறதா? படத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. உடலில் பத்து நிமிடமோ அதற்கு மேலோ படும் பாகங்களுக்கு அந்தத் தரநிலை பொதுவாக வைக்கும் உச்சம் 43 டிகிரி, 41ஐத் தாண்டினாலே கையேட்டில் தெரிவிக்க வேண்டும்.

பிளக் மூன்று முள் பிளக்காக இருக்கிறது. உலோகத் தட்டுக்கு எர்த் கொடுத்திருக்கிறீர்கள், வீட்டுப் பொருளுக்கு அது நல்ல பழக்கம்தான். ஆனால் வீட்டில் பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளுக்கென்று இருக்கும் 60601-1-11, நிரந்தரமாகப் பொருத்தாத கருவி பாதுகாப்புக்கு எர்த்தை நம்பியிருக்கக் கூடாது என்கிறது. காரணம் எளிது, பழைய வீடுகளில் சுவரில் மூன்று துளை இருந்தாலும் பின்னால் எர்த் இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. எர்த் தேவைப்படாத இரட்டை மின்காப்பு முறைக்கு மாற வேண்டும், அதாவது மின்பகுதியை முழுதாகத் திருப்பி வடிவமைக்க வேண்டும். யு.எல். 998 போதுமா என்று கேட்டீர்களே, போதாது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். அது வீட்டுப் பொருளாகக் கருவியைப் பார்க்கிறது, நோயாளியின் முகத்தில் மாட்டிய கருவியாகப் பார்க்கவில்லை. சுவாச ஹியூமிடிஃபையர்களுக்கே தனியாக ஐ.எஸ்.ஓ. 80601-2-74 இருக்கிறது, எவ்வளவு ஈரம் கொடுக்கிறீர்கள், எவ்வளவு சூடாகக் கொடுக்கிறீர்கள், தொட்டி சாய்ந்தால் தண்ணீர் குழாய்க்குள் போகுமா என்பதெல்லாம் அதில் வரும். அந்தத் தரநிலையை விலை கொடுத்து வாங்கி, ஒரு வாரம் வேறு வேலை பார்க்காமல் படியுங்கள். அதைப் படிக்காமல் எந்த ஆலோசகருக்கும், எனக்கும் சேர்த்துத்தான், பணம் கொடுக்காதீர்கள்.

விசிறியைச் சுற்றிச் சத்தம் குறைக்க ஒரு கறுப்பு நுரை ஒட்டியிருக்கிறீர்கள். அது என்ன நுரை? 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் சி.பேப் கருவிகளையும் (தூக்கத்தில் மூச்சு தடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியே அழுத்தக் காற்று தருபவை) சில வென்டிலேட்டர்களையும் லட்சக்கணக்கில் திரும்பப் பெற வேண்டி வந்ததற்குக் காரணம் இதே போன்ற ஒலி குறைக்கும் நுரைதான். பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேன், ஈரமும் சூடும் பட்டுச் சிதைந்து துகள்களாகவும் ஆவியாகவும் காற்றுப்பாதைக்குள் போகக்கூடும் என்று தெரியவந்தது. உங்கள் கருவியிலோ ஈரமும் சூடும்தான் வேலையே. காற்றுப்பாதையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும், தொட்டி பிளாஸ்டிக், குழாய், பசை, நுரை எதையும் விடாமல், ஐ.எஸ்.ஓ. 18562 வரிசைப்படி சோதனை வேண்டும்: துகள்கள், ஆவியாகும் கரிமச் சேர்மங்கள், குழாயில் குளிர்ந்து திரும்பும் தண்ணீரில் கரையும் பொருட்கள். புதுக் கருவியைப் போட்டதும் ஒரு பிளாஸ்டிக் வாடை வருகிறது, இரண்டு நாளில் போய்விடும் என்று கடிதத்தில் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாடையைத்தான் பரிசோதனைக்கூடம் எண்ணிக்கையாக மாற்றிக் கேட்கப் போகிறது. நுரையை இப்போதே எடுத்துவிட்டு, சத்தத்தைக் குறைக்க விசிறியை மாற்றிப் பாருங்கள்.

கிருமிநாசினித் திரவம். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன்: வேண்டாம். தென் கொரியாவில் 1994இலிருந்து ஹியூமிடிஃபையர் தொட்டித் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினிகள் கடைகளில் தாராளமாக விற்றன. 2011இல் கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் காரணம் புரியாத கடும் நுரையீரல் நோயோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கிய பிறகுதான், தொட்டியில் ஊற்றிய திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. அவற்றில் முக்கியமான பி.எச்.எம்.ஜி. என்ற வேதிப்பொருள் தோலில் பட்டால் என்ன, விழுங்கினால் என்ன என்று பார்த்த அளவுக்கு, மூச்சில் போனால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களாக அரசு ஏற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. சுத்தம் என்ற நல்ல எண்ணத்தில் வாங்கி ஊற்றிய பொருள் அது. அங்கே பெரும்பாலும் அல்ட்ராசோனிக் வகை, தண்ணீரை நுண்துளிகளாக உடைத்து வீசுவதால் தண்ணீரில் இருக்கும் எல்லாமே, உப்பு, கிருமி, மருந்து, காற்றுக்கு வந்துவிடும். உங்களுடையது சூடாக்கி ஆவியாக்கும் வகை, அந்த அளவுக்கு ஏற்றிக்கொண்டு போகாது என்பது உண்மைதான். ஆனால் தொட்டியைக் கழுவ மட்டும் என்று எழுதி விற்றாலும், கழுவியபின் அலசாமல் தண்ணீர் ஊற்றுகிறவர் நிச்சயம் இருப்பார். யூகலிப்டஸ் சொட்டு மாதிரி ஏதாவது விற்கிற யோசனை இருந்தால் அதையும் கைவிடுங்கள், மூக்கடைப்புக்கு என்று ஒரு திரவத்தை ஆவியில் கலந்து கொடுத்தால் மருந்துச் சட்டமும் சேர்ந்துவிடும், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும்.

அதற்குப் பதில் தொட்டியை மாற்றுங்கள். இப்போது இருப்பதன் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுதான், அடியில் கூர்மூலைகள் வேறு. வெதுவெதுப்பான தண்ணீர் ராத்திரி முழுக்கத் தேங்கி, காலையில் அணைத்தபின் அப்படியே பகலெல்லாம் நிற்கும் இடம் அது. சில நாளிலேயே விரல் வைத்தால் வழுக்கும் ஒரு படலம் அந்த மூலைகளில் பிடிக்கும், எந்தப் பிரஷ்ஷும் அங்கே போகாது. கை முழுதாக நுழையும் வாய், வளைந்த அடிப்பாகம், தினமும் கொட்டிக் காயவைக்கச் சொல்லும் குறிப்பு, காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் என்ற எச்சரிக்கை, இவை போதும். அந்தக் குறிப்பைப் படித்து ஒரு சாதாரண மனிதர் நிஜமாகவே சரியாகச் சுத்தம் செய்கிறாரா என்று ஆட்களை வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் நேரடியாக விற்கப் போவதாகச் சொல்கிறீர்கள், அப்படியானால் அந்த ஆதாரம் உங்களிடம் கட்டாயம் கேட்கப்படும். சீட்டுடன் மட்டும் விற்கும் கருவியாகத் தொடங்குவது எளிது என்று என் அபிப்பிராயம், ஆனால் அப்போது திறந்த ஆன்லைன் கடை கிடையாது, முடிவு உங்களுடையது.

510(கே) என்பது உண்மையில் என்ன கேட்கிறது? ஏற்கெனவே சட்டப்படி சந்தையில் இருக்கும் ஒரு கருவியைக் காட்டி, எங்களுடையதும் அதே நோக்கத்துக்கு, தொழில்நுட்பம் வேறுபடும் இடங்களிலும் புதுவகையான ஆபத்துக் கேள்வி எழவில்லை, இதோ சோதனை முடிவுகள் என்று நிரூபிப்பது. அந்த முன்னோடிக் கருவியை பிரெடிகேட் என்பார்கள். எஃப்.டி.ஏ.வின் 510(கே) தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, பி.டி.டி. (BTT) என்ற குறியீட்டைக் கொடுத்துத் தேடினால் சுவாச ஹியூமிடிஃபையர்கள் வரிசையாக வரும், பலவற்றுக்குச் சுருக்க அறிக்கையும் இருக்கும். வீட்டு உபயோகம், மாஸ்க், விசிறி மூன்றும் உள்ள ஒன்றைப் பிடியுங்கள். அதன் பயன்பாட்டு வாசகத்தை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் பெட்டியின் பின்பக்க வாசகம் அதைத் தாண்டக் கூடாது. அதில் ஆஸ்துமா இல்லையென்றால் உங்களுக்கும் ஆஸ்துமா இல்லை, நீங்களே மருத்துவ ஆய்வு நடத்தி ஆதாரம் காட்டினாலொழிய. மூக்கும் தொண்டையும் உலர்வதைத் தணிக்க என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் பாதை சுருங்கும். நோய்ப் பட்டியலை இப்போதே வெட்டச் சொல்வது அதனால்தான்.

பிரெடிகேட் தேர்ந்ததும், சோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு, எஃப்.டி.ஏ.விடமே 'ப்ரீ-சப்மிஷன்' என்ற வழியில் கேள்வி அனுப்புங்கள். கட்டணம் கிடையாது, எழுத்தில் பதில் வரும். இந்த பிரெடிகேட் பொருந்துமா, இந்தச் சோதனைப் பட்டியல் போதுமா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும், பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். சிறு நிறுவனங்கள் இதைத் தாண்டிப் போவதை நான் புரிந்துகொண்டதே இல்லை.

கட்டணம் ஒவ்வொரு அக்டோபரிலும் மாறும். 2025 நிதியாண்டில் 510(கே) விண்ணப்பத்துக்கு 24,335 டாலர், சிறு நிறுவனம் என்று முன்கூட்டியே அங்கீகாரம் வாங்கியவர்களுக்கு 6,084 டாலர் என்று இருந்தது. அந்த அங்கீகாரத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கட்டியபின் கேட்டால் கிடைக்காது. ஆண்டுதோறும் நிறுவனப் பதிவுக் கட்டணம் வேறு, அதே ஆண்டில் அது 9,280 டாலராக இருந்தது. ஆனாலும் பரிசோதனைக்கூடத்துக்கும் மறுவடிவமைப்புக்கும் ஆகும் செலவுதான் உங்களுக்குப் பெரிதாக இருக்கும். விண்ணப்பம் 2023 அக்டோபர் முதல் ஈஸ்டார் என்ற மின்படிவத்தில்தான் போக வேண்டும். எஃப்.டி.ஏ. தன் பக்கத்துக்கு வைத்திருக்கும் இலக்கு 90 நாள், ஆனால் கூடுதல் தகவல் கேட்டுவிட்டால் கடிகாரம் நின்றுவிடும், பதில் சொல்ல உங்களுக்கு 180 நாள்வரை. அந்த 180 நாளுக்குள் ஒரு சோதனையை முதலிலிருந்து செய்து முடிக்க முடியாமல் விண்ணப்பத்தையே இழந்தவர்கள் உண்டு, அதனால் அரைகுறையாக அனுப்பி 'கேட்டால் கொடுப்போம்' என்று இருக்காதீர்கள். தர மேலாண்மை அமைப்பும் இதற்கிடையில் வேண்டும். 2026 பிப்ரவரி 2 முதல் எஃப்.டி.ஏ.வின் தர விதி மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேசத் தர மேலாண்மைத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 13485ஐயே அடிப்படையாகக் கொண்டிருப்பதால், அதை ஒழுங்காகச் செய்தால் மற்ற நாடுகளுக்குப் போகும்போதும் கைகொடுக்கும்.

கடைசியாக அந்தச் சான்றிதழ். எஃப்.டி.ஏ. மருத்துவக் கருவி நிறுவனங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் வழங்குவதே இல்லை. கழுகுப் படமும் தங்க முத்திரையும் போட்டு வரும் காகிதங்களை அச்சடிப்பது அந்த இடைத்தரகர்கள்தான். அவர்கள் செய்வது உங்கள் பெயரில் ஒரு பதிவைப் போடுவது, அதை நீங்களே கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம், அமெரிக்காவுக்கு வெளியே உற்பத்தி என்றால் அங்கே ஒரு ஏஜென்ட்டை நியமித்தால் போதும். பதிவு செய்ததைக் காட்டி எஃப்.டி.ஏ. அங்கீகரித்தது என்று தோன்றும்படி எழுதினால், அதுவே தவறான லேபிள் என்று 21 சி.எஃப்.ஆர். 807.39 சொல்கிறது, ஆக அந்தக் காகிதத்தை இணையப் பக்கத்தில் போட்ட அன்றே நீங்கள் ஒரு விதியை மீறியிருப்பீர்கள். ஆன்லைன் கடை ஆவணம் கேட்டால், க்ளியரன்ஸ் வந்தபின் கே என்ற எழுத்தில் தொடங்கும் 510(கே) எண்ணையும் கருவிப் பட்டியல் எண்ணையும் கொடுங்கள். 510(கே) எண்ணை எஃப்.டி.ஏ. தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.